பழைய தேதி ஒட்டியிருந்த பாட்டில்

சென்ற மாதம் கல்லூரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். "மேடம், புது மெஷின் வந்துருச்சு. நாலு மணி நேரத்துல ரிசல்ட் குடுக்குது. அலமாரியில இருக்கிற சாய பாட்டிலையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமான்னு கேக்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். எதுவும் போட வேண்டாம், ஒரு விஷயம் எழுதி அனுப்புகிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோய் கண்டறியும் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். செத்த மாடு, ஆடு, கோழி, வாத்து எதுவானாலும், ஏன் செத்தது என்று கேட்டு எங்களிடம்தான் வருவார்கள். ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவுவது, சாயம் ஏற்றுவது, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது என் வேலை. படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிப்ளமா இரண்டு வருடம், பயிற்சி ஆறு மாதம். மற்றதையெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றேன்.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் ஆரோக்கியசாமி. வேளாங்கண்ணிக்குப் பக்கத்து ஊர்க்காரர். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. ஒரு தகட்டைப் பார்ப்பதற்கு முன்னால் யார் மாடு, எப்படிச் செத்தது என்ற சீட்டைப் படிக்கவே மாட்டார். "கதையைக் கேட்டுட்டுப் பாத்தா, கேட்டதுதான் கண்ணுக்குத் தெரியும்" என்பார். பார்த்து எழுதிவிட்டுத்தான் சீட்டைத் திருப்புவார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். நம் கையில் ஒரு வேலையைக் கொடுப்பார். அந்த வேலைக்குத் திட்டே மேல் என்று இருக்கும்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வந்த ஒருவர், செத்த வாத்துகள் எட்டைக் கூடையில் சுமந்து வந்தார். ஐஸ் பெட்டியில் வைக்க மறந்து, சாப்பிடப் போய்விட்டேன். சித்திரை வெயில். திரும்பி வந்தபோது எதற்கும் உதவாத நிலை. சார் என்னைத் திட்டவில்லை. "அவர் வெளியில உக்காந்திருக்கார். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். போய்ச் சொன்னேன். அந்த மனிதர் கூடையை எடுத்துக்கொண்டு போனார். மிச்ச வாத்துகளுக்கு என்ன ஆனது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

இனி, நான் சொல்ல வந்த நாள். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். கோடை மழை எதிர்பாராமல் இரண்டு நாள் பெய்து ஓய்ந்திருந்தது.

பகல் பதினொன்றரை மணிக்கு ஒரு குட்டியானை வண்டி பிரேதப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் வந்து நின்றது. மேலே தார்ப்பாய், அதற்குக் கீழே ஒரு ஜெர்சி கலப்புப் பசு. பின்னாலேயே போலீஸ் ஜீப். அதற்கும் பின்னால் பைக்குகளில் பத்துப் பதினைந்து பேர். வெண்ணாற்றுக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்தினர்.

மாட்டுக்காரர் பெயர் ரவிச்சந்திரன். சிங்கப்பூரில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, இரண்டு பசு வாங்கி வைத்திருந்தவர். ஐந்து நாள் முன்பு ஒன்று செத்தது. அன்று விடியற்காலையில் இன்னொன்றும் செத்துவிட்டது. அடுத்த வயலைக் குத்தகைக்குச் செய்யும் மாரிமுத்து விஷம் வைத்துவிட்டார் என்று புகார். இரண்டு நாளைக்கு முன்னால் பசு மாரிமுத்துவின் உளுந்துக் காட்டில் இறங்கி மேய்ந்திருக்கிறது. "இன்னொரு தடவை மேஞ்சா உசுரோட திரும்பாது" என்று அவர் கத்தியதை ஊரே கேட்டிருக்கிறது. மாரிமுத்துவை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு, விஷத்துக்குச் சாட்சி தேடி சப்-இன்ஸ்பெக்டர் மாட்டோடு வந்திருந்தார். மாட்டைத் திறந்து, குடலும் ஈரலும் எடுத்து பாட்டிலில் போட்டு சீல் வைத்துத் தர வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

கூடத்து உதவியாளர் முத்தையா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சார் வந்தார். தார்ப்பாயை விலக்கச் சொன்னார். வயிறு உப்பி, கால்கள் விறைக்காமல் கிடந்தது பசு. மூக்கில் ரத்தம். வாலுக்குக் கீழே ரத்தம். கறுத்த ரத்தம், உறையாமல் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"முத்தையா, கத்தியக் கீழ வை" என்றார் சார்.

ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் திறக்கக் கூடாது. உடம்புக்குள் இருக்கும் வரை அந்தக் கிருமி மாடு அழுகும்போது தானும் அழியும். காற்றுப் பட்டால் ஓடு கட்டிக்கொள்ளும். பிறகு அது மண்ணில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் கிடக்கும், மேய வரும் வாய்க்காகக் காத்திருக்கும். மனிதருக்கும் தொற்றும். அதனால் சந்தேகம் வந்தால் காது நரம்பில் ஊசியால் ஒரே ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். அந்த இடத்தை உடனே பஞ்சால் அடைத்துவிடுவோம். அந்தச் சொட்டுதான் சொல்ல வேண்டும்.

சார் தானே கையுறை போட்டு எடுத்தார். மூன்று தகடுகள் தடவி என்னிடம் கொடுத்தார்.

காய வைத்தேன். மெத்தனாலில் நிலைப்படுத்தினேன். மெத்திலின் புளூ சாயத்தை விட்டு மூன்று நிமிடம் எண்ணினேன். சாயம் கழுவிய தண்ணீரை மருந்து நீர் உள்ள தொட்டியில் ஊற்றினேன். எண்ணெய் ஒரு சொட்டு வைத்து லென்ஸை இறக்கினேன். நீலக் குச்சிகள் தெரிந்தன. இரண்டும் மூன்றுமாகக் கோத்துக்கொண்டு கிடந்தன. ஆனால் அடைப்பான் என்றால் ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும் இளஞ்சிவப்பில் ஒரு உறை தெரிய வேண்டும். அந்தச் சிவப்பு இல்லை.

சார் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்தார். வெளியே சத்தம் கூடிக்கொண்டிருந்தது.

"உறை தெரியல. அழுகல் கிருமியும் இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு சாய பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் பார்த்தார். "ரெண்டு வருஷம் ஆன சாயம். இதுல தப்பு இருக்காது." பாட்டிலை வைத்துவிட்டு எழுந்து கூடத்துக்குப் போனார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அந்தச் சாயத்தில் ஒரு விஷயம் உண்டு. புதிதாகக் கரைத்தது இந்த வேலைக்கு உதவாது. மாதக்கணக்கில் காற்றுப்பட வைத்து, அவ்வப்போது குலுக்கி, பழுக்க விட வேண்டும். பழுத்த சாயம்தான் அந்தச் சிவப்பைக் காட்டும். புதுச் சாயத்தில் குச்சி தெரியும், உறை தெரியாது. பழைய சாயம் மூன்று வாரத்துக்கு முன்பு தீர்ந்துவிட்டது. புதிதாகக் கரைத்து வைத்த குடுவையில் கீறல் விழுந்திருந்ததால், அதை அந்தப் பழைய பாட்டிலிலேயே நான்தான் ஊற்றினேன். லேபிளை அப்புறம் மாற்றலாம் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரமாக அந்தப் பாட்டில் பொய் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது. அது தெரிந்த ஒரே ஆள் நான்.

கூடத்திலிருந்து முத்தையாவின் குரல் கேட்டது. "சார், வயித்துப் பக்கம் ஆரம்பிக்கவா?"

எப்படி ஓடினேன் என்று ஞாபகம் இல்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிளை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், திறக்காதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். முத்தையாவின் கத்தி முனை தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சார் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா?"

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் மனசு துடித்தது. சப்-இன்ஸ்பெக்டர் நின்றார், மாட்டுக்காரர் நின்றார், அவர் ஊர் ஆட்கள் கதவில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். "பாட்டில்ல இருக்கிறது புதுச் சாயம் சார். மூணு வாரம்தான் ஆச்சு. லேபிளை நான் மாத்தல. அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன்.

சார் முகத்தில் எதுவும் மாறவில்லை. முத்தையாவின் கத்தியை வாங்கி மருந்து நீரில் போட்டார்.

ரவிச்சந்திரன்தான் முதலில் பேசினார். "என்ன சார் இது? இப்பதான் திறக்கலாம்னீங்க. இந்தம்மா ஓடி வந்து வேணாங்குறாங்க. உள்ளாற யாரு போன் பண்ணுனா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடத்துக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

அவர் என்ன கேட்கிறார் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். மாரிமுத்து எந்தத் தெருவோ, எங்கள் ஊரில் நானும் அதே தெருதான். என் அம்மா கடைசி வரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். அந்தக் கேள்விக்கு என் வாழ்நாளில் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறேன்.

"அது மாட்டுக்குத் தேவையில்லாத கேள்வி" என்றார் சார். "அரை மணி நேரம் குடுங்க. அது வரைக்கும் இந்த மாட்டை ஒருத்தரும் தொடக் கூடாது."

"சார், எனக்கு கோர்ட்டுக்கு நேரமாவுது. அரை மணி நேரம்தான். அப்புறம் நான் வேற டாக்டரக் கூப்புடுவேன்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பழுத்த சாயம் எங்கே இருக்கும்? மாணவர்களின் செய்முறைக் கூடம் ஞாபகம் வந்தது. அங்கே மேசை மேசையாகச் சின்னச் சொட்டு பாட்டில்கள் இருக்கும். யாரும் மாற்றுவது கிடையாது. மாணவர்களுக்கு விடுமுறை, கூடம் பூட்டிக் கிடந்தது. அலுவலகத்தில் சாவி வாங்கி ஓடினேன். முதல் இரண்டு மேசை பாட்டில்களும் காய்ந்து போயிருந்தன. மூன்றாவதில் அடியில் கொஞ்சம் இருந்தது, கெட்டியாக. ஜன்னல் ஓரம் வெயிலும் காற்றும் பட்டுக் கிடந்த பாட்டில். லேபிளில் நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. அதை எழுதியவர் முத்தையா. எதையும் நம்பாத மனநிலையில் அவருக்கே போன் போட்டுக் கேட்டேன். "அதுல நான் அப்புறம் கையே வைக்கலம்மா" என்றார்.

வடிதாளில் வடிகட்டினேன். மிஞ்சிய தகடுகள் இரண்டு. சார் வந்து பக்கத்தில் நின்றார். "ஒண்ணுல இதை விடுங்க. இன்னொண்ணுல உங்க பாட்டில்ல இருக்கிறதையே விடுங்க. ரெண்டையும் சேத்துப் பாக்கணும்" என்றார். அப்படியே செய்தேன். மூன்று நிமிடத்தை நான் எண்ணியபோது அவரும் உதட்டுக்குள் எண்ணினார்.

என் பாட்டில் சாயத்தில் முன்பு பார்த்ததுதான். வெறும் நீலக் குச்சிகள்.

மற்றதை வைத்தேன். லென்ஸைத் திருகத் திருக மங்கல் விலகியது. சதுரமாக வெட்டியது போன்ற முனைகளோடு நீலக் குச்சிகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஓரம் பிசிறுபிசிறாக, மணல் தூவியது போல, இளஞ்சிவப்பு. ஒரு வட்டத்தில் மட்டும் முப்பது நாற்பது இருந்திருக்கும். தகட்டை நகர்த்தினால் அங்கேயும் அதே.

எழுந்து இடம் விட்டேன். சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் நெற்றி வியர்த்திருந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால் கத்தி இருந்த இடம் எங்கள் இருவர் கண்ணுக்குள்ளும் இருந்தது.

கூடத்துக்குப் போய் அவர் சொன்ன முதல் வார்த்தை ரவிச்சந்திரனுக்கு. "மொதல் மாட்டை என்ன பண்ணீங்க?"

"அது... எடுத்துப் போடச் சொன்னேன்."

"யாரை?"

கதவருகே நின்ற ஒருவர்தான் சொன்னார். "மாரிமுத்துவத்தான் சார். அவன் இந்த வேலையெல்லாம் இப்ப செய்யிறதில்ல. வரமாட்டேன்னுதான் சொன்னான். இவங்க அப்பா காலத்துப் பழக்கம்னு கூப்புட்டு விட்டாங்க. தோலை உரிச்சு, வாய்க்கா ஓரம் பொதச்சுட்டுப் போனான்."

சார் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "ஸ்டேஷனுக்கு போன் போடுங்க. அந்த ஆளு கையில, கழுத்துல ஏதாவது புண் இருக்கான்னு கேளுங்க. இப்பவே."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். அங்கிருந்த கான்ஸ்டபிள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வலது முழங்கைக்குக் கீழ ஒண்ணு இருக்கு சார். நடுவுல கரியாட்டம் கருப்பா, சுத்தி வீங்கியிருக்கு. வலியே இல்லைங்கிறான். காலையிலேருந்து காய்ச்சல். நடிக்கிறான்னு நெனச்சோம் சார்."

ரவிச்சந்திரன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். விடியற்காலையில் பசுவின் மூக்கு ரத்தத்தைத் தன் துண்டால் துடைத்தது அவர்தான். அந்தத் துண்டு அப்போதும் தோளில் கிடந்தது.

"துண்டை அங்கயே கீழ போடுங்க" என்றார் சார். "கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க. நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாட்டைத் தூக்கி வண்டியில ஏத்துன அத்தனை பேரும் போகணும்."

அடுத்த மூன்று மணி நேரத்தில் அந்தக் கூட்டத்தின் கோபம் முழுக்கப் பயமாக மாறியதைப் பார்த்தேன். பைக்கில் வந்தவர்கள் வரிசையில் நின்று முழங்கை வரை கழுவினார்கள். வண்டியைக் கழுவினோம். மாட்டை எங்கள் வளாகத்திலேயே ஆள் உயரத்துக்கு மேல் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். மாரிமுத்து போலீஸ் ஜீப்பிலேயே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் அந்த ஊரிலும் சுற்று ஊர்களிலும் மாடுகளுக்குத் தடுப்பூசி போட ஆள் போனார்கள். வாய்க்கால் ஓரத்துப் புதைகுழியைத் தேடி, சுண்ணாம்பு போட்டு முள்வேலி கட்டினார்கள். கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்த சோதனையிலும் அடைப்பான் என்றே உறுதியானது.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு சாருக்கு முன்னால் போய் நின்றேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தந்தார். "நடந்ததை எழுதுங்க. லேபிள் சங்கதியை மொதல்ல எழுதுங்க" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்தார். முதல் தகட்டைப் பார்த்தபோது கூடவே அடைப்பான் என்று ஏற்கெனவே தெரிந்த தகடு ஒன்று வைத்துச் சாயத்தைச் சரிபார்க்காமல், லேபிளை மட்டும் நம்பி மாட்டைத் திறக்க அனுமதித்தது தன் தவறு என்று எழுதி, அவரும் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேருக்கும் மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. என்னுடையதை இன்னும் வைத்திருக்கிறேன்.

எத்தனையோ இரவு அந்த நாளை நினைத்து விழித்துக் கிடந்திருக்கிறேன். வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயத்தைவிட, வாய் திறப்பதற்கு முன்னால் நான் நின்ற அந்தச் சில நொடிகள்தான் அதிகம் உறுத்தின. நின்றேன் என்பது உண்மை. யோசித்தேன் என்பதும் உண்மை.

ஒரு மாதம் கழித்து மாரிமுத்து ஆய்வகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி ஒரு பெரிய தழும்பு. அவர் மேல் இருந்த வழக்கைப் போலீஸ் கைவிட்டிருந்தது. ரவிச்சந்திரனுக்கும் ஊசி போட்டு, அவரும் நலமாக இருந்தார்.

"மேடம், எனக்கு ஒரு பேப்பர் வேணுங்க" என்றார். "போலீஸ் விட்டுருச்சு. ஊரு விடல. டாக்டருங்களைச் சரிக்கட்டிட்டேன்னு சொல்றாங்க. டீக்கடையில எனக்கு முன்னாடியே பேசுறாங்க. நான் வெஷம் வைக்கலன்னு நீங்க எழுதித் தரணும்."

சாரிடம் அழைத்துப் போனேன். சார் அவரை உட்காரச் சொன்னார். "நீங்க வெஷம் வைக்கலன்னு நான் எழுத முடியாதுங்க. மாட்டைத் திறக்கவே இல்ல. வெஷத்துக்குச் சோதனையே பண்ணல. பண்ணாததை எழுத மாட்டேன்" என்றார்.

மாரிமுத்துவின் முகம் இறுகியது. எனக்கு சார் மேல் வந்த கோபத்தை இன்றும் மறக்கவில்லை. அந்த மனிதருக்கு ஒரு வரிதானே வேண்டும் என்று இருந்தது.

"ஆனா மாடு எதனால செத்துச்சுன்னு எழுதியிருக்கோம். அதோட நகல் தரேன்" என்றார் சார். மாட்டுக்காரருக்கும் போலீசுக்கும் தவிர மற்றவர்க்குத் தர விதியில்லை என்று குமாஸ்தா தடுத்தார். சார் தானே ஒரு மனு எழுதி, மாரிமுத்துவிடம் கையெழுத்து வாங்கி, தானே பெற்றுக்கொண்டு, தானே அனுமதித்தார். நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

"படிங்க மேடம். நான் பேரு எழுதத்தான் படிச்சிருக்கேன்."

படித்தேன். பசு, வயது, நிறம், ரவிச்சந்திரன் பெயர், ஊர், எடுத்த மாதிரி, பார்த்த சோதனை. இறப்புக்குக் காரணம்: அடைப்பான் நோய்.

அவர் தாளை வாங்கி உற்றுப் பார்த்தார். "இதுல என் பேரு எங்க இருக்கு?"

"உங்க பேரு இல்லைங்க. மாட்டுக்காரர் பேரு மட்டும்தான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பின்பக்கமும் பாருங்க."

முதல் வரியிலிருந்து விரல் வைத்து மறுபடி பார்த்தேன். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். "எங்கயும் இல்லைங்க" என்றேன்.

அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை எங்கே என்று கேட்டார். கேட்டைத் தாண்டி இடது பக்கம் என்றேன். எத்தனை நகல் எடுக்கப் போகிறார் என்று கேட்டேன்.

"மூணு எடுக்கணுங்க. டீக்கடைக்கு ஒண்ணு, கோயில் சுவத்துக்கு ஒண்ணு, ரவிச்சந்திரன் வீட்டு வாசலுக்கு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.